பாம்பு முட்டைக்குள் நடப்பது என்ன?

படப்பையிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையோரங்களில், வயலும் ஏரிக்கரையுமாக இருந்த நிலங்கள் பல இன்று தொழிற்சாலைகளாகவும் வீட்டு மனைகளாகவும் மாறியுள்ளன. அடித்தளம் தோண்டுகையில் எலிவளையிலோ கறையான் புற்றிலோ வெண்ணிற முட்டைக் குவியல் வெளிப்படுவதுண்டு. கண்டவுடன் மண்வெட்டியால் நசுக்குவோர் உளர். கையிலெடுத்து உருட்டி விளையாடும் சிறுவரும் உளர். அந்த உறைக்குள் நிகழ்வது யாது என்பதை இருசாராரும் அறிந்துகொள்வது நன்று.

கோழி முட்டையை மனத்திற்கொண்டு இதனை அளவிடக் கூடாது. பாம்பு முட்டையின் உறை தோல் போன்று வளையக்கூடியது. மண்ணின் ஈரத்தை உறிஞ்சி முட்டை நாளடைவில் எடை கூடும். வறண்ட இடத்தில் கிடந்தாலோ சுருங்கிக் கரு மாண்டுபோகும். (தொட்டி மண்ணில் கிடைக்கும் சிறு முட்டைகள் ஓணானுடையவையாகவும் இருக்கலாம். அவையும் தோலுறை கொண்டவையே. வீண் அச்சம் வேண்டா!)

முட்டை வெளிவரும்போதே கரு தன் வளர்ச்சியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைத் தாயின் வயிற்றில் முடித்திருக்கும். இதயம் துடித்துக்கொண்டிருக்கும்; உடல் சுருள் சுருளாக மடிந்திருக்கும். மஞ்சட்கருவே அதற்கு உணவு. பனிக்குடம் அதிர்ச்சியைத் தாங்குகிறது. மற்றொரு சவ்வு உறையின் உட்புறம் படர்ந்து மூச்சுக்கு வழிசெய்வதோடு கழிவையும் சேர்த்து வைக்கிறது. கோழி தன் முட்டைகளை அடிக்கடி புரட்டும். பாம்பு முட்டையைப் புரட்டினால் கருவுக்குத் தீங்கு நேரலாம் என்பதால், வளர்ப்போர் அதனைக் கிடந்த நிலையிலேயே வைத்திருப்பர்.

அந்த நீண்ட முதுகெலும்பு எவ்வாறு உருவாகிறது? கருவின் முதுகுப்புறத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறு கண்டங்கள் பிரிகின்றன. எலியின் கருவில் இவை சுமார் 65; அமெரிக்காவின் சோளப் பாம்பிலோ 315! கண்டங்களைப் பிரிக்கும் உயிரணுக் கடிகாரம், உடல் வளரும் வேகத்தை நோக்க, பாம்பில் மிக விரைவாக ஓடுவதே காரணமென 2008ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. மலைப்பாம்பின் கருவில் பின்னங்கால் மொட்டுகளும் அரும்பி, வளராமல் நின்றுவிடுகின்றன. அவற்றின் எச்சமாக வளர்ந்த மலைப்பாம்பின் வாலடியில் இரு சிறு நகங்களைக் காணலாம்.

முதலையின் முட்டையில் ஆணா பெண்ணா என்பதை வெப்பம் முடிவுசெய்கிறது. பாம்புக்கு அவ்வாறில்லை, வெப்பத்தால் பொரிக்கும் காலமே கூடும், குறையும். நல்ல பாம்பின் முட்டைகள் பொரிக்க ஏறத்தாழ இரு மாதங்களாகும். மலைப்பாம்புத் தாய் முட்டைகளைச் சுற்றிக்கொண்டு, தசைகளை நடுக்கித் தன் உடற்சூட்டை உயர்த்தும். நியூயார்க் விலங்குக் காட்சிசாலையில் அளந்து பார்த்து 1966இல் இதனை உறுதிசெய்தனர்.

காலம் நிறைந்ததும் மேல்தாடை நுனியிலுள்ள முட்டைப்பல்லால் குட்டி உறையைக் கீறுகிறது. தலையை மட்டும் நீட்டியபடி ஒரு நாளோ அதற்கு மேலோ உள்ளேயே தங்கி, எஞ்சிய மஞ்சட்கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட பின்னரே வெளிவரும். முட்டைப்பல் சில நாட்களில் உதிர்ந்துவிடும். ஆனால் நல்ல பாம்புக் குட்டிக்குப் பிறந்த கணத்திலேயே நஞ்சும் நச்சுப்பல்லும் உண்டு. ‘குட்டிதானே’ என எண்ணுவோர் இதனை மறத்தலாகாது.

கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் முட்டையிடுவதில்லை, குட்டிகளையே ஈனுகின்றன. அக்குட்டிகள் தாயின் வயிற்றைக் கிழித்து வெளிவரும் என்பது வெறுங்கதை.

ஆகவே தோண்டுமிடத்தில் முட்டைகளைக் கண்டால் கை வைக்காதீர்கள். நல்ல பாம்பாயின் தாய் அருகிலேயே காவலிருக்கக் கூடும். வேலையை நிறுத்தி, வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்திற்கோ சொல்லியனுப்புங்கள். கடிபட்டவரை மந்திரிக்க அழைத்துச் சென்று நேரத்தை வீணாக்காமல் நேரே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். அங்கு செலுத்தப்படும் நஞ்சுமுறி மருந்து பாம்பின் நஞ்சைக் கொண்டே செய்யப்படுவது. வடநெம்மேலியில் 1978இல் தொடங்கப்பெற்ற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் பாம்புகளைப் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர்.