மறுமொழியற்ற பிங்: வீட்டுச் சேர்வரின் மௌனம் பற்றிய சில குறிப்புகள்

வீட்டிலே சேர்வர் ஒன்றை நிறுவியோர் பலர், வெளியிலிருந்து அதற்குப் பிங் அனுப்பி மறுமொழி கிடைக்காதவிடத்து, அது இயங்கவில்லை என முடிவு செய்கின்றனர். இம்முடிபு அவசரமானது. பிங் என்பது 1983 இல் மைக் மூஸ் என்பார் அமெரிக்க இராணுவ ஆய்வுகூடமொன்றில் எழுதிய சிறு நிரல். சோனார் கருவியின் ஒலியே அதற்குப் பெயராயிற்று. ஐ.சி.எம்.பி. நெறிமுறையின் 8 ஆம் வகைப் பொதியை அது அனுப்புகின்றது. 0 ஆம் வகைப் பொதியை எதிர்பார்க்கின்றது. ஆயின், சோனாரின் ஒலிபட்ட இரும்பு எதிரொலிக்க மறுப்பதில்லை, கணினியோ மறுக்கவியலும். எனவே, மௌனத்தை இன்மையெனக் கொள்ளாது, அதனை விதித்தவர் எவர் என்றே வினவுதல் வேண்டும்.

முதலில் வீட்டிலுள்ள இன்னொரு கணினியிலிருந்து சேர்வரின் உள்முகவரிக்குப் பிங் அனுப்புவோம். விடையில்லையெனின், பெரும்பாலும் சேர்வரின் தீச்சுவரே தடை. விண்டோசின் வழமையான அமைப்பே இப்பொதிகளை ஏற்பதில்லை. (விருந்தினருக்கான வைபை, கருவிகளை ஒன்றிலிருந்தொன்று பிரித்துவைக்கும் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.)

உள்ளே விடை வந்து வெளியே வராதபோதே சிக்கல் ஆழமாகின்றது. 443 ஆம் துறையைச் சேர்வருக்குத் திருப்பிவிட்டோமே என்பர் சிலர். ஐ.சி.எம்.பி.க்குத் துறை எண்ணே கிடையாது. ஐ.பி.வி.4 இல் வெளிமுகவரிக்கு வரும் பிங்கிற்கு விடையிறுப்பதும் மறுப்பதும் பொதுவாக ரவுட்டரே. சேர்வர் அதனை அறிவதுமில்லை. பிங் தோற்றும் இணையப்பக்கம் திறக்குமாயின், திருத்தவேண்டியது எதுவுமில்லை.

பக்கமும் திறக்காவிடின், ரவுட்டர் காட்டும் வெளிமுகவரியை நோக்குக. அது 100.64 முதல் 100.127 வரையான எண்களுடன் தொடங்கின், சேவை நிறுவனம் ஒரே பொதுமுகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடுகின்றது என்பது பொருள். இவ்வெல்லை 2012 இல் இதற்கெனவே ஒதுக்கப்பட்டது. நமது ரவுட்டரில் எதை மாற்றினும் பயனில்லை. முகவரிகளின் மையக் கையிருப்பு 2011 இல் தீர்ந்தமை உண்மையே. ஆனால் அப்பற்றாக்குறையின் சுமை எவர்மீது ஏற்றப்பட்டது? நுகர்வோனாயிருக்க இவ்வேற்பாடு போதும். தன் வீட்டிலிருந்து பிறருக்கு வழங்குவோனாயிருக்கப் போதாது. பொதுமுகவரி வேண்டுவோர் பலவிடங்களில் மேலதிகக் கட்டணம் செலுத்துகின்றனர். இதனை வெறும் தொழினுட்பத் தற்செயலாகக் கருத நாம் தயாரில்லை.

ஐ.பி.வி.6 கிடைக்குமிடத்துச் சேர்வருக்கே பொதுமுகவரி அமையும். அப்போது ரவுட்டரின் தீச்சுவரில் அதற்கு வழிவிடவேண்டும். அங்கு பாதுகாப்பின் பெயரால் ஐ.சி.எம்.பி. முழுவதையும் அடைத்தல் தகாது: பொதி பெரிதெனத் தெரிவிக்கும் செய்தியும் அவ்வழியே வருவதால், இணைப்புத் தொடங்கியபின் இடைநடுவே உறைந்துவிடக்கூடும்.