தழும்பு முகத்தானும் தணிக்கைக் கத்தரிக்கோலும்

சிகாகோ நகரம். இரவு விருந்து முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். தரையில் சிதறிய காகிதத் தோரணங்களைப் பணியாள் கூட்டிக் கொண்டிருக்கிறான். கொள்ளைக் கூட்டத் தலைவன் ஒருவன் டெலிபோன் பேசப் போகிறான். சுவரில் ஒரு நிழல் நகருகிறது. சீட்டி ஒலி கேட்கிறது. பிறகு வேட்டுச் சத்தம்! தலைவன் பிணமாகிறான்.

கொலைகாரனின் முகத்தைக் காட்டாமலே நடுங்க வைக்கும் இந்தக் காட்சியோடுதான் 'ஸ்கார்பேஸ்' தொடங்குகிறது. 'தழும்பு முகத்தான்' என்று பொருள். 1932-ம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்கப் படம் இது.

கள்ளச் சாராய ராஜ்யம்

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு அமுலில் இருந்தது. குடிப்பவர்கள் குறையவில்லை, கள்ளச் சாராயக் கூட்டங்கள் கொழுத்தன. சிகாகோவில் அல் கபோன் என்பவன் முடிசூடா மன்னனாக விளங்கினான். அவன் இடது கன்னத்தில் தழும்பு உண்டு.

1929-ம் ஆண்டு பிப்ரவரி 14-ந் தேதி சிகாகோ மோட்டார் கொட்டகை ஒன்றில் ஏழு பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொலைகாரர்களில் சிலர் போலீஸ் உடையில் வந்திருந்தனர். படத்தில் இதைப் போன்ற காட்சியும் வருகிறது.

வீடு தேடி வந்த இருவர்

படத்தின் முதலாளி, கோடீசுவரர் ஹோவர்டு ஹியூஸ். டைரக்டர் ஹோவர்டு ஹாக்ஸ். கதை எழுதிய பென் ஹெக்ட், முன்னர் சிகாகோவில் பத்திரிகை நிருபராக இருந்தவர். முதலாளியிடம் அவருக்கு நம்பிக்கை இல்லை. 'தினமும் மாலையில் 1,000 டாலர் ரொக்கமாகத் தர வேண்டும்' என்று நிபந்தனை போட்டார்!

ஒரு நாள் கபோனின் ஆட்கள் இருவர் தம்மைத் தேடி வந்ததாக ஹெக்ட் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். "இது எங்கள் தலைவர் கதையா?" என்று கேட்டார்களாம். "இல்லை, கூட்டம் சேர்க்கவே அந்தப் பெயர்" என்று சமாளித்து அனுப்பினாராம்.

தங்கையால் வந்த வினை

கதாநாயகன் டோனியாக நடித்தவர் பால் முனி. டோனி சாதாரண அடியாள். எதிரிகளைத் தீர்த்துக் கட்டுகிறான். பிறகு தன் தலைவனையே ஒழித்து அந்த இடத்தில் அமருகிறான். 'உலகம் உனதே' என்ற மின்சார விளம்பரப் பலகை அவனுக்கு வேத வாக்கு.

தங்கை மீது அவனுக்கு வெறித்தனமான பாசம். அவளை எந்த ஆடவனும் நெருங்கக் கூடாது. அவளைத் தன் உயிர் நண்பன் வீட்டில் கண்டதும் அவனைச் சுட்டுக் கொல்லுகிறான். அவர்கள் கலியாணம் செய்து கொண்டவர்கள் என்பது பிறகே தெரிகிறது!

பழி வாங்க வந்த தங்கையால் அண்ணனைச் சுட முடியவில்லை. போலீசார் வீட்டை வளைக்கின்றனர். குண்டு பட்டு அவள் இறக்கிறாள். சூரன் என்று பெயர் எடுத்த டோனி உயிருக்குக் கெஞ்சுகிறான். ஓட முயன்று சுடப்பட்டுச் சாகிறான். மேலே அதே பலகை ஒளி வீசுகிறது.

பெருக்கல் குறி

சாவு நெருங்கும் போதெல்லாம் எங்காவது ஒரு பெருக்கல் குறி தெரியும். நிழலிலோ, கொட்டகை உத்தரத்திலோ, கதவு எண்ணிலோ அது இருக்கும். முதல் தடவை கவனிக்காதவர்கள், அதைத் தேடுவதற்காகவே மறுபடி பார்ப்பது உண்டு.

"தேசத்தின் அவமானம்"

படம் முடிந்ததும் தணிக்கைத் தகராறு மூண்டது. 'ரௌடியைக் கதாநாயகன் ஆக்கலாமா? இளைஞர்கள் கெட்டுப் போவார்களே!' என்பது வாதம். பெயருடன் 'தேசத்தின் அவமானம்' என்று சேர்க்கப்பட்டது. சர்க்காரும் மக்களும் விழிக்க வேண்டும் என்ற முன்னுரையும் உபதேசக் காட்சியும் நுழைந்தன. டோனி தூக்கில் தொங்கும் வேறொரு முடிவும் எடுக்கப்பட்டது. அதை ஹாக்ஸ் எடுக்கவில்லை. பால் முனியும் நடிக்கவில்லை!

அப்படியும் நியூயார்க் தணிக்கையாளர்கள் திருப்தி அடையவில்லை. ஹியூஸ் சினந்து, தணிக்கைக் குழு இல்லாத இடங்களில் தூக்குக் காட்சி இல்லாத படத்தையே வெளியிட்டார்.

ஆனால் பிற்காலத்தில் அவரே படத்தைப் பூட்டி வைத்து விட்டார். 1976-ல் அவர் இறந்த பிறகே அது தாராளமாக வெளியே வந்தது. 1983-ல் அல் பசினோ நடிக்க, இதே பெயரில் புதிய படம் வந்தது. 1994-ல் பழைய படம், பாதுகாக்க வேண்டிய அமெரிக்கப் படங்களின் பட்டியலில் சேர்ந்தது.

நிஜக் கபோனின் கதை வேறு. பல கொலைப் பழிகள் சுமத்தப்பட்டவனை, 1931-ல் 11 ஆண்டு சிறைக்கு அனுப்பியது வருமான வரி மோசடி வழக்கு! மதுவிலக்குக் காலத்தில் அவனிடம் சாராயம் வாங்கிக் குடித்தவர்களில் கனவான்களும் உண்டு. அவர்களை எந்தத் தணிக்கைக் குழுவும் விசாரிக்கவில்லை.