உங்களுக்குத் தெரியுமா? இடம் பெயர்ந்தால் பெயரும் மாறும்!

நுரையீரலை அடைத்து உயிருக்கே உலை வைக்கும் ரத்தக்கட்டி, பெரும்பாலும் உருவாவது காலில்!

● ரத்தக் குழாய்க்குள் உறைந்து, அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும் வரை அதற்குப் பெயர் ‘த்ராம்பஸ்’. பிய்ந்து ரத்தத்தோடு கிளம்பிவிட்டால் அதே கட்டி ‘எம்போலஸ்’. கால் சிரையிலிருந்து கிளம்பியது இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரலில் போய்ச் சிக்கும். இதயத்தின் இடப்பக்கத்தில் உருவானது மூளைக்குப் போனால் பக்கவாதம்.

● இந்தப் பயணத்தை 1840-களில் விளக்கியவர் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ. அவர் பிறந்த அக்டோபர் 13தான் ஆண்டுதோறும் உலக த்ராம்போசிஸ் (ரத்தக்கட்டி உருவாதல்) தினம்.

● ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலிக்கிறதா? உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம். தைலம் தேய்த்து நீவாதீர்கள், கட்டி பிய்ந்துவிடலாம். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென மூச்சுத் திணறினால் உடனே 108!