உவரும் களரும்: காயல்பட்டினக் கடலோர மண்ணில் வெண்ணெய்ப்பழ மர இலைக் கருகலைப் பிரித்தறிதல்

திறவுச்சொற்கள்: வெண்ணெய்ப்பழம், இலைக் கருகல், உவர், களர், வேரழுகல்

முன்னுரை

ஈழ வழக்கில் ஆனைக்கொய்யா எனப்படும் வெண்ணெய்ப்பழம் நடு அமெரிக்க நிலப்பகுதிக்கு உரிய மரம். தமிழகத்தில் இது கீழ்ப்பழனி மலையின் காப்பித் தோட்டங்களில் செழிக்கிறது. அங்குள்ள தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் டிகேடி 1 என்னும் வகையை அளித்துள்ளது. உப்பளங்களை அடுத்த காயல்பட்டினம் இதற்கு நேர்மாறான நிலம். உப்பங்கழியைச் சுட்டும் 'காயல்' என்னும் சொல்லே ஊர்ப்பெயரில் நிற்கிறது. இத்தகைய மண்ணில் இம்மரத்தின் இலை கருகினால் காரணத்தை எவ்வாறு பிரித்தறிவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இலை காட்டும் குறிகள்

வேர் உறிஞ்சும் நீரோடு குளோரைடு இலைக்கு ஏறுகிறது. நீர் ஆவியாகிவிட, உப்பு நுனியில் தங்குகிறது. ஆகவே முதிர்ந்த இலைகளின் நுனி முதலில் பழுப்பாகிக் கருகும். பின்னர் கருகல் விளிம்பு வழியே பரவும். உலர் இலையில் குளோரைடு ஏறத்தாழ 0.25 விழுக்காட்டைத் தாண்டும்போது இக்கருகல் தோன்றத் தொடங்கும். சோடியம் மிகுந்தாலோ நரம்புகளுக்கு இடையே கருகல் திட்டுகள் காணப்படும். இளந்தளிர் மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக இருப்பது சுண்ணாம்பு மண்ணில் நேரும் இரும்புக் குறை. அதற்கும் உப்புக் கருகலுக்கும் தொடர்பில்லை.

இவற்றுள் பெரிதும் பிழைபட உணரப்படுவது வேரழுகல். இதனை விளைக்கும் பைட்டோப்தோரா சின்னமோமி என்னும் நுண்ணுயிர் 1922-இல் சுமத்ராவின் கறுவா மரங்களிலிருந்து விவரிக்கப்பெற்றது. இந்நோயில் இலைகள் சிறுத்து வெளிறும்; மண் ஈரமாக இருந்தும் தொங்கும். மேல்மண்ணை விலக்கினால் ஊட்டவேர்கள் கறுத்து, தொட்டவுடன் ஒடியும். உப்புக் கருகலுக்கு ஆழ்ந்த நீர்ப்பாய்ச்சல் மருந்தாகும். வேரழுகலுக்கோ அதே நீர் நஞ்சாகும். எனவே வேரைப் பாராமல் இலையை மட்டும் கண்டு நீர் விடுவது மரத்தையே இழக்கச் செய்யலாம்.

சொல்லும் மருந்தும்

தமிழ் வேளாண் வழக்கு உவரையும் களரையும் வேறுபடுத்துகிறது. கரையும் உப்பு மிகுந்தது உவர். மண்துகளில் சோடியம் பற்றியது களர். பொதுப்பேச்சில் இரண்டும் 'உப்பு மண்' என ஒன்றாகிவிடுவதால் மருந்தும் மாறிப்போகிறது. ஜிப்சம் களரைத் திருத்தும், குளோரைடை நீக்காது. உவருக்கு நன்னீரால் அலசுவதே வழி. நாள்தோறும் சிறிது தெளிப்பது உப்பை வேர்ப்பகுதியிலேயே தேக்கும். இடைவெளி விட்டு, நீர் வேருக்குக் கீழே இறங்குமாறு பாய்ச்சுதல் வேண்டும். கிணறே உவர்ப்பாயின் வடகிழக்குப் பருவமழை நீரைத் தேக்கிப் பயன்படுத்தலாம்.

கருகலைச் சத்துக்குறை எனக் கருதிப் பொட்டாஷ் இடும் வழக்கம் உண்டு. கடைப் பொட்டாஷ் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடே ஆதலின் நோய் மிகும். உரம் உண்மையிலேயே தேவைப்படின் பொட்டாசியம் சல்பேட்டு ஏற்றது. வேரழுகலுக்கு வடிகாலும் மூடாக்கும் பாஸ்போனேட்டு மருந்தும் பயன்படும்.

வேர்க்கன்றின் இனமும் கருதத்தக்கது. மேற்கிந்தியத் தீவு இனம் உப்பை மிகுதியாகத் தாங்கும். மெக்சிக இனம் மிகக் குறைவாகத் தாங்கும். இஸ்ரேலில் உவர்நீர்ப் பகுதிகளுக்கு முன்னதன் வேர்க்கன்றுகளே தேர்ந்தெடுக்கப்பெறுகின்றன. கடையில் வாங்கிய பழத்தின் விதையிலிருந்து முளைக்கும் கன்றின் இனம் அறிய இயலாதது. ஆதலால் கடலோரத்தில் கன்று நடுவதற்கு முன் கிணற்று நீரின் குளோரைடை ஆய்ந்து பார்ப்பது முதற்கடமை. அது லிட்டருக்கு 100 மில்லிகிராமை மிஞ்சினால் ஒட்டுக்கன்றின் அடித்தண்டு எவ்வினத்தது எனக் கேட்டறிந்தே வாங்குதல் வேண்டும்.