பழைய ரயில் படங்கள்

மாணவர்களே, பிரிட்டனில் ரயில் ஆர்வலர்கள் கூடும்போது பழைய நிழற்படங்களைக் கைமாற்றிக் காண்பது வழக்கம். இதனை வெறும் பொழுதுபோக்கென்று எண்ணலாகாது. பல்லாண்டுகள் வரலாறு கற்பித்த நான், இதனைச் சிறந்த வரலாற்றுப் பயிற்சி என்றே கருதுகிறேன்.

தேதியில்லாத படத்தின் காலத்தை எஞ்சினின் எண்ணே உணர்த்துவதுண்டு. லண்டன் வடகிழக்கு ரயில்வேயின் 'மல்லார்டு' எஞ்சினை எடுத்துக்கொள்வோம். 1938 ஜூலை 3-இல் மணிக்கு 126 மைல் வேகத்தில் ஓடி, நீராவி எஞ்சின்களுள் உலக சாதனை நிகழ்த்தியது இதுவே. அன்று அதன் எண் 4468. 1946-இல் கம்பெனி புதிய எண்வரிசை வகுத்தபோது, அது 22 ஆயிற்று. 1948-இல் ரயில்வேக்கள் நாட்டுடைமையானபின், அக்கம்பெனி எஞ்சின்களின் எண்ணோடு 60,000 கூட்டப்பெற்றது; மல்லார்டு 60022 ஆயிற்று. ஆகவே, அதன் படத்தில் 22 என்று காணப்பட்டால், அது 1946-க்கும் 1948-க்கும் இடையில் எடுக்கப்பட்டதே.

ஆனால் எல்லாவற்றையும் எண் சொல்லிவிடாது. 1963-இல் டாக்டர் பீச்சிங்கின் அறிக்கை 2,000-க்கு மேற்பட்ட நிலையங்களை மூடப் பரிந்துரைத்தது. மூடப்பட்டவற்றுள் பலவற்றின் கட்டடமும் தண்டவாளமும் இன்றில்லை, படமே எஞ்சியுள்ளது. படம் ஒருவரிடம் இருக்கும். நிலையத்தின் பெயர் மற்றொரு முதியவரின் நினைவில் இருக்கும். அவர் மறைந்தால் அப்பெயரும் மறையும். படங்களைப் பகிர்ந்து காண்பதன் பயன் இங்கேதான் விளங்குகிறது.

உங்கள் வீட்டுப் படங்களின் பின்புறத்திலும் இடம், நாள், பெயர் மூன்றையும், அறிந்த பெரியோரைக் கேட்டு, இன்றே எழுதிவையுங்கள்.