பனிக்காலத்துக்குச் சூடான களி



கார்த்திகை தீபம் முடிஞ்சா நம்ம கீழ்பென்னாத்தூர் பக்கம் பனி இறங்கிடும். கூழ் குறைஞ்சு, சூடான களி அடுப்பேறும்.

ஒரு கைப்பிடி நொய்யைக் குழைய வேகவிடுங்க. கேழ்வரகு மாவைக் கொட்டி மூடி, சிறு தீயில் வேகவிட்டு, கட்டி தட்டாமல் கிண்டுங்க. ஈரக்கையால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். தொட்டுக்க முருங்கைக்கீரைக் குழம்போ, கொள்ளுக் கடையலோ, பச்சை மொச்சைக் குழம்போ போதும்.

100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கு. அதே அளவு அரிசியில் சுமார் 10தான்.

ஆனால் சமைக்கிற நாம சாப்பிடுறோமா? 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை. எல்லாருக்கும் போட்டு, கடைசியில் உட்காரும்போது களி ஆறிடும். குழம்பில் கீரை இருக்காது.

சாப்பிட்டதும் டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்போம். கூடவே ஒரு நெல்லிக்காய் கடிச்சுக்கிட்டா இரும்புச்சத்து நல்லா சேரும்.

இனி களி உருட்டும்போதே நமக்கும் ஒரு உருண்டை, ஒரு கரண்டி கீரை எடுத்து வைப்போம். வீட்டாரோடு சேர்ந்து உட்கார்ந்து, சூடா சாப்பிடுவோம்!