பழைய ஸ்ப்ளெண்டர் மின்சாரத்துக்கு மாறுமா? ஒசூரில் உட்கார்ந்து போட்ட ஒரு கணக்கு

ஒசூர் சிப்காட் பக்கம் ஷிப்ட் மாறுகிற நேரத்தில் ஏதாவது ஒரு கம்பெனி வண்டி ஸ்டாண்டை எட்டிப் பாருங்கள். வரிசையாக நூறு சிசி பெட்ரோல் பைக்குகள் நிற்கும். உள்ளே தயாராவது மின்சார வண்டி, அதைத் தயாரிப்பவர் வந்து இறங்குவது பெட்ரோல் வண்டி.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. டிவிஎஸ் ஐக்யூப் இங்கேதான் தயாராகிறது. ஏத்தர் 2021-ல் பெங்களூரிலிருந்து உற்பத்தியை ஒசூருக்குக் கொண்டு வந்தது. போச்சம்பள்ளியில் ஓலா 500 ஏக்கரில் ஆலை போட்டது. சூளகிரியில் சிம்பிள் எனர்ஜி இருக்கிறது. இந்தியாவின் மின்சார இருசக்கர வாகனங்களில் பெரும் பங்கு இந்த ஒரு மாவட்டத்திலிருந்து வெளியே போகிறது. அப்படியென்றால் ஏற்கனவே கையில் இருக்கிற வண்டியை இங்கேயே மாற்றிக்கொள்ள முடியாதா? மோட்டார் இருக்கு, பேட்டரி இருக்கு, லேத் பட்டறை தெருவுக்கு நாலு இருக்கு. அப்புறம் என்ன தடை?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு கொஞ்ச நாளாகப் படித்ததையும் கணக்குப் போட்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எரிபொருள் மாற்றம் புதுசில்லை

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, மரக்கரியை எரித்து வரும் வாயுவில் பஸ் ஓட்டினார்கள். அதற்கான கேஸ் பிளான்ட்டைச் செய்து கொடுத்தவர்களில் மதுரை டி.வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனமும் ஒன்று. அதே குடும்ப நிறுவனம்தான் பிற்பாடு 1980-ல் ஒசூரிலிருந்து டிவிஎஸ் 50 மொபெட்டை விட்டது. அதற்கப்புறம் ஆட்டோவும் காரும் எல்பிஜிக்கு மாறியதை நாமே பார்த்திருக்கிறோம்.

ஆனால் கரிவாயுவிலும் எல்பிஜியிலும் எஞ்சின் அப்படியே இருக்கும், எரிகிற பொருள் மட்டும்தான் மாறும். மின்சாரத்துக்குப் போனால் எஞ்சினே கிடையாது. வண்டியில் மிஞ்சுவது சேஸிஸ், ஃபோர்க், ஹேண்டில்பார், சீட், முன்சக்கரம், அப்புறம் சேஸிஸ் நம்பர்.

எதைக் கழற்றி எதை மாட்டுகிறார்கள்?

பைக்கில் எஞ்சின், கார்புரேட்டர், சைலன்சர், பெட்ரோல் டேங்கின் உள்பக்கம் எல்லாம் போய்விடும். பின்சக்கரத்துக்குப் பதிலாக ஹப் மோட்டார் உள்ள சக்கரம் வரும். எஞ்சின் இருந்த இடத்தில் பேட்டரிப் பெட்டி. அதோடு மோட்டாரை இயக்கும் கண்ட்ரோலர், பேட்டரி செல்களைக் கண்காணிக்கும் பிஎம்எஸ், ஹெட்லைட்டுக்கும் ஹாரனுக்கும் 12 வோல்ட் கொடுக்கும் கன்வெர்ட்டர், புது ஆக்ஸிலரேட்டர் கைப்பிடி. அவ்வளவுதான் சாமான்.

ஹப் மோட்டாரில் கியர் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினின் இழுவிசை குறைவு, ஆனால் ஃபர்ஸ்ட் கியர் அதைப் பல மடங்காக்கிச் சக்கரத்துக்குக் கொடுக்கும். ஹப் மோட்டார் நேரடியாகத் தானே இழுக்கணும். வண்டியும் ஆளும் சேர்ந்து 200 கிலோ என்றால், நூறடிக்குப் பத்தடி ஏறுகிற மேட்டில் ஏற மட்டும் சக்கரத்தில் சுமார் 60 நியூட்டன் மீட்டர் வேண்டும். பின்னால் ஒரு ஆளோ, ரெண்டு பால் கேனோ ஏறினால் இன்னும் அதிகம். சமவெளி ஊரில் நன்றாக ஓடும் மலிவு மோட்டார், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கத்து மேட்டில் சூடாகித் திணறுவதற்குக் காரணம் இதுதான்.

எத்தனை கிலோமீட்டர் ஓடும்?

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. (நம் கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான்.) பைக் அதில் அறுபது கிலோமீட்டர் ஓடுகிறது. ஐந்தில் நாலு பங்குக்குக் கிட்டத்தட்ட சூடாகவே வீணாகிறது. மின்மோட்டாரில் அந்த விரயம் இல்லாததால், 45 கி.மீ. வேகத்தில் போனால் கிலோமீட்டருக்குச் சுமார் 30 வாட்-மணி போதும். 60 கி.மீ. வேகத்தில் காற்றுத் தடை கூடி 40-ஐத் தாண்டும்.

பேட்டரி 2 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். நிதானமாகப் போனால் 65 கி.மீ. வரை வரும். தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒசூர் வந்து திரும்புகிறவருக்கு இது தாராளம்.

கிருஷ்ணகிரியிலிருந்து வருகிறவருக்கு? தூரம் சுமார் 50 கி.மீ. ஆனால் ஒசூர் கிருஷ்ணகிரியை விடச் சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 200 கிலோவை 400 மீட்டர் மேலே தூக்கவே 220 வாட்-மணி. மோட்டார் விரயத்தையும் சேர்த்தால் 270. நிதானமாக வந்தால் 1,500 + 270 = 1,770 வாட்-மணி. காலையில் ஒசூர் வந்து சேரும்போது பேட்டரி கிட்டத்தட்ட காலி. தேசிய நெடுஞ்சாலை 44-ல் லாரிகளுக்கு நடுவே 45-ல் உருட்டிக்கொண்டு வர முடியாது. 60-ல் வந்தால் 2,300-க்கு மேல் வேண்டும். சூளகிரி தாண்டி எங்கேயோ வண்டி நின்றுவிடும்! சாயந்திரம் இறக்கத்தில் கொஞ்சம் மிச்சமாகும், ஆனா காலையில வந்து சேர்ந்தாத்தானே சாயந்திரம்.

அதனால் "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர்?" என்று கேட்டால் மட்டும் போதாது. எந்த வேகத்தில், எந்த மேட்டில், எத்தனை கிலோ பாரத்தோடு என்றும் கேட்க வேண்டும்.

ரூபாய் கணக்கு

தாணேவைச் சேர்ந்த கோகோஏ1 என்ற நிறுவனம் 2021-ல் ஸ்ப்ளெண்டருக்கு அனுமதி பெற்ற கிட்டைக் கொண்டு வந்தபோது, கிட் விலை 35,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. பேட்டரிக்குத் தனியாகச் சுமார் 50,000. மொத்தம் 91,000 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன்.

பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 1.70. மின்சாரம் யூனிட் 8 ரூபாய் என்று வைத்து, சார்ஜ் செய்யும்போது வீணாவதையும் சேர்த்தால் கிலோமீட்டருக்கு 28 காசு. எஞ்சின் ஆயில், ஸ்பார்க் பிளக் மிச்சத்தையும் போட்டால் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் லாபம்.

91,000-ஐ ஒன்றரையால் வகுத்தால் சுமார் 61,000 கி.மீ. தினம் 40 கி.மீ., வருஷம் 300 நாள் ஓட்டுகிறவருக்கு முதல் திரும்ப ஐந்து வருஷம் ஆகும். அதற்குள் 2 யூனிட் பேட்டரி தொள்ளாயிரம் தடவைக்கு மேல் முழுதாக சார்ஜ் ஆகியிருக்கும். எல்எஃப்பி வகை செல் என்றால் தாங்கும். என்எம்சி வகை என்றால், போட்ட காசு திரும்பி வருகிற அதே சமயத்தில் பேட்டரியும் தளர்ந்துபோயிருக்கும். கடன் வாங்கி மாற்றுகிறவர் வட்டியையும் இதில் சேர்க்கணும். பத்து வருஷம் ஓடிய பைக்கை விற்றால் கிடைக்கும் காசையும் போட்டு, அதே பட்ஜெட்டில் ஒரு புது மின்சார ஸ்கூட்டரே வாங்கலாம், வாரன்டியோடு.

இதே கணக்கை ஆட்டோவுக்குப் போட்டுப் பாருங்கள். தினம் 100 கி.மீ. ஓட்டம், லிட்டருக்கு 30 கி.மீ. பெட்ரோல் செலவு கிலோமீட்டருக்கு 3.40. மின்சாரத்தில் 65 காசு. வருஷத்துக்கு 30,000 கி.மீ. ஓடினால் மிச்சம் 80,000 ரூபாய்க்கு மேல். மாற்றுவதற்கு இரண்டு லட்சம் ஆனாலும் இரண்டரை வருஷத்தில் எடுத்துவிடலாம். ஹைதராபாத் ரேஸ்எனர்ஜி ஆட்டோவைக் கையில் எடுத்து, பேட்டரியை விற்காமல் மாற்றிக் கொடுக்கும் முறையில் இறங்கியதன் நியாயம் இங்கே புரிகிறது. வண்டி எவ்வளவு பழசு என்பதை விட, ஒரு நாளைக்கு எவ்வளவு ஓடுகிறது என்பதுதான் முக்கியம்.

கார் என்றால்?

காருக்குச் சிக்கல் வேறு மாதிரி. பிரேக் பூஸ்டர் வேலை செய்ய எஞ்சினின் உறிஞ்சு விசை வேண்டும். எஞ்சின் போய்விட்டால் தனியாக வாக்குவம் பம்ப் போட வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் கல்லு மாதிரி இறுகிவிடும். ஏசி கம்ப்ரஸர் பெல்ட்டில் ஓடுவது, அதற்கும் தனி மோட்டார். சின்ன காருக்கே கிலோமீட்டருக்கு 100 வாட்-மணி என்றால், 100 கி.மீ. ஓட 10 யூனிட் பேட்டரி, அதாவது எண்பது, தொண்ணூறு கிலோ. அதை முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்பது வளைவில் கார் எப்படித் திரும்பும் என்பதையே மாற்றிவிடும். செலவும் லட்சங்களில்.

நம் பக்கத்திலேயே ஒசூர் ரோட்டில் பொம்மசந்திராவில், 2001-ல் வந்த ரேவா காரை ஆரம்பத்திலிருந்தே பேட்டரிக்காக வடிவமைத்தார்கள். லண்டனில் அதை ஜி-விஸ் என்ற பெயரில் ஓட்டினார்கள். பெட்ரோல் காரை மாற்றாமல் புதிதாக வரைந்ததற்குக் காரணம் இந்த எடைச் சிக்கல்தான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. ஆனால் அதே பிரிவு, பேட்டரி உட்பட வேறு எரிசக்திக்கு மாற்றும் கிட்டை நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. 2016-ல் ஹைப்ரிட், மின்சாரக் கிட்களுக்கான விதிகள் வந்தன. பரிசோதனைத் தரம் ஏஐஎஸ் 123. சோதிப்பது புனே ஏஆர்ஏஐ, மானேசர் ஐகேட், நம் ஒரகடம் ஜிஏஆர்சி போன்ற மையங்கள்.

இங்கேதான் முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்கிறது. அனுமதி உங்கள் ஊர் மெக்கானிக்குக்குக் கிடையாது, கிட்டுக்கு. அதுவும் குறிப்பிட்ட வண்டி ரகத்துக்கு. ஸ்ப்ளெண்டருக்கு அனுமதி வாங்கிய கிட்டை எக்ஸ்எல்லில் மாட்ட முடியாது. ஒவ்வொரு ரகத்துக்கும் தனிச் சோதனை, தனிச் செலவு. நாலு லேத் வைத்திருக்கும் பட்டறைக்காரருக்கு மோட்டார் மாட்டத் தெரியும், ஆனால் அந்தச் செலவைத் தாங்க முடியாது. 2022-ல் மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த செய்திகள் வரிசையாக வந்தபின் பேட்டரிச் சோதனை விதிகளும் கடுமையாகின. அது தேவைதான். பேட்டரியை நாம் வீட்டுக்குள்ளே வைத்துத்தானே சார்ஜ் போடுகிறோம்.

எல்லைப் பகுதியில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். வேலையை பெங்களூரில் செய்யலாம், ஆனால் டிஎன் 70 வண்டியின் ஆர்சியில் எரிபொருளை மாற்றிக் கொடுப்பது ஒசூர் ஆர்டிஓ. "அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க சார்" என்று ஒரு பட்டறையில் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஆர்சியில் பெட்ரோல், வண்டியில் பேட்டரி என்று இருந்தால், ஒரு விபத்தில் இன்சூரன்ஸ் கைவிரிக்க அதுவே போதும். எதிரில் அடிபட்டவருக்கான நஷ்ட ஈடு உங்கள் தலையில் விழும். பெட்ரோலில் மிச்சம் பிடித்த ஒன்றரை ரூபாய் அதற்கு எந்த மூலைக்கு?

புகை கணக்கு

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. பைக்குக்குக் கிலோமீட்டருக்கு 38 கிராம். நம் மின்சாரத்தில் நிலக்கரி அதிகம், யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம். ஆக மின்சார பைக்குக்கு 25 கிராம். குறைவுதான், ஆனால் நினைத்த அளவு குறைவில்லை. தெருவில் புகை இல்லை என்பது தனி லாபம். ஒசூர் பஸ் ஸ்டாண்ட் சிக்னலில் நிற்பவருக்கு அது பெரிய லாபம்.

என் முடிவு

தினம் நாற்பது கிலோமீட்டருக்குள் ஓட்டும் தொழிலாளிக்கு, இன்றைய விலையில், பைக்கை மாற்றுவது கட்டாது. பெட்ரோல் வண்டியையே நன்றாகப் பராமரித்து, மாற்றும் காலம் வரும்போது புது மின்சார வண்டி வாங்குவது மேல். தினம் நூறு ஓட்டும் ஆட்டோக்காரருக்குக் கட்டும். கம்பெனி வளாகத்துக்குள்ளேயே ஓடும் தள்ளுவண்டி, டிராலி மாதிரியானவை பொதுச் சாலைக்கு வராததால் அங்கே நம் பட்டறைக்காரர்களுக்கு இப்போதே வேலை இருக்கிறது.

யாராவது மாற்றியே தீருவேன் என்றால் கிட் விற்பவரிடம் நாலு விஷயம் கேளுங்கள்: என் வண்டி ரகத்துக்கான ஏஐஎஸ் 123 சான்றிதழ் எங்கே? பேட்டரி செல் என்ன வகை? ஆர்சி மாற்றத்துக்கு யார் காகிதம் கொடுப்பது? மூன்று வருஷம் கழித்து பேட்டரி மட்டும் என்ன விலை? நாலாவது கேள்விக்குப் பதில் எழுத்தில் வராவிட்டால், முதல் மூன்றும் சரியாக இருந்தாலும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.